அயர்லாந்துக்காரரின் கறுப்புக் கோட்டு

எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் எனக்கு நல்ல கண் உண்டு என்பதையும் அவர்கள் சொல்லத்தான் வேண்டும். யாங்கோனில் கியாக்டடா பக்கம் ஒரு பருப்புத் தரகு ஆபீசில் முப்பத்தோரு வருஷமாக நான் மாதிரிச் சரக்குப் பார்க்கிறவள். மூட்டையில் குத்தூசியைச் செருகி இழுத்துக் கொண்டுவரும் உளுந்தை எனாமல் தட்டில் பரப்பி, இது புதுசு, இது பழசு, இது கலப்பு என்று சொல்வது என் வேலை. நான் ‘போகலாம்’ என்றால் சரக்கு கப்பல் ஏறும். ‘போகாது’ என்றால் ஏறாது. நான் சொன்ன பிறகு அந்த ஆபீசில் வேறு பேச்சு கிடையாது.

உளுந்துக்கு இங்கே மட்பே என்று பெயர். தமிழ்நாட்டு இட்லிக்கு நாங்கள்தான் மாவு அனுப்புகிறோம் என்று உறவுக்காரர்களிடம் பெருமையடித்துக்கொள்வேன். க்யிம்யிண்டைங் படகுத்துறைக்குப் பக்கத்துக் கிடங்கில், தரையில் உட்கார்ந்து கல் பொறுக்கும் பெண்களில் ஒருத்தியாகத்தான் ஆரம்பித்தேன். இப்போதைய முதலாளியின் தகப்பனார் ஒருநாள் என் முறத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். பிறகு ஆபீசுக்கு வரச் சொன்னார். பெண்பிள்ளையைச் சரக்குப் பார்க்கும் மேசையில் உட்காரவைப்பதா என்று அன்றைக்கு முணுமுணுத்தவர்கள் எல்லாம், பின்னால் தங்கள் சரக்கை என் தட்டில் கொட்டிவிட்டு என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் நெஞ்சு நிமிர்கிறது, மறைப்பானேன்.

கறுப்பு என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது ஏழெட்டுக் கறுப்பு. அந்த வருஷத்து உளுந்தின் தோலில் ஒரு மெல்லிய சாம்பல் பூச்சு இருக்கும். அதற்கு முந்தைய வருஷத்து உளுந்தில் அது போய், லேசான பழுப்பு ஏறியிருக்கும். அந்தப் பழுப்பைச் சன்னல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். அதுவும் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை. டியூப்லைட்டில் பார்க்கிறவன் உளுந்து பார்க்கிறவனே இல்லை.

அப்படிப்பட்ட நான் ‘போகலாம்’ என்று சொல்லி அனுப்பிய ஒரு சரக்கைத்தான், போன மழைக்காலத்தில் சென்னையில் இறக்கிய வியாபாரி பழசு கலந்திருக்கிறது என்றான். போனில் படம் அனுப்பினான். நான் படத்தைப் பார்க்கவேயில்லை. அவன் விலையைக் குறைக்கப் பொய் சொல்கிறான் என்று சத்தம் போட்டேன். பெரிய முதலாளி காலமாகி அவர் மகன் உட்கார்ந்து பத்து வருஷமாகிறது. பள்ளிக்கூடச் சட்டையோடு ஆபீசுக்குள் ஓடிவந்த காலத்திலிருந்து அவரைத் தெரியும் என்பதால் நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். அக்காவை எங்கள் ஆட்கள் சொல்கிறமாதிரி அவர் என்னை லாத்தா என்பார். அவர் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த மாதமும் இன்னொரு சரக்கில் அதே புகார் வந்தது. அப்போது எனக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டு, மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“லாத்தா, கொஞ்ச நாளைக்கு வீட்டுல ரெஸ்ட் எடுங்க.”

“எத்தனை நாள்?”

“பாத்துக்கலாம் லாத்தா.”

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். மரியாதையாகச் சொன்னதால் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மாதக் கடைசியில் சம்பளம் வீடு தேடி வந்தது, அது இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது. நான் உட்கார்ந்த நாற்காலியில் வேறு யாரையும் உட்காரவைக்கவில்லையாம், முதலாளியே போன் வெளிச்சத்தை அடித்து உளுந்து பார்க்கிறாராம் என்று கேள்விப்பட்டேன். போன் வெளிச்சத்தில்! அன்றைக்கு முழுக்க வீட்டில் பாத்திரங்கள் சத்தம் போட்டன.

எங்களுடையது மூன்றாம் மாடியில் ஒரே அறை. சமையல் ஒரு மூலை, கட்டில் ஒரு மூலை, தொழுகைப் பாய் விரிக்க நடுவில் இடம். என் வீட்டுக்காரர் துணிக்கடையில் நாற்பது வருஷம் மீட்டர் கோலோடு நின்றவர். முழங்கால் ஒத்துழைக்காமல் இப்போது வீட்டில் இருக்கிறார். நான் எவ்வளவுக்குச் சத்தம் போடுவேனோ அவ்வளவுக்கு அவர் அமைதி. இரண்டு பேரும் பகல் முழுக்க ஒரே அறையில் இருந்தது எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அவர் பாவம்.

எங்கள் ஒரே மகள் அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதுவும் என் பெருமைகளில் ஒன்று. நான் வீட்டில் உட்கார்ந்திருப்பது தெரிந்ததும், ஊருக்கு வந்த ஒரு சிநேகிதியிடம் பார்சல் கொடுத்தனுப்பினாள். சாக்லேட், அவள் வாப்பாவுக்குக் கம்பளிக் காலுறை, கூடவே கனமான ஒரு அட்டைப்பெட்டி. குலுக்கினால் கலகலவென்று சத்தம். ஆயிரம் துண்டு ஜிக்ஸா. துண்டு துண்டாக வெட்டிய படத்தை மறுபடி சேர்த்து வைக்கும் விளையாட்டு. இது குழந்தைகளுக்கு வாங்குவதாயிற்றே என்று எனக்கு உடனே கோபம். போனில் கேட்டுவிட்டேன்.

“எனக்கென்ன பத்து வயசா?”

“உம்மா, பெட்டில இருக்கிற படத்தைப் பாருங்க மொதல்ல.”

பார்த்தேன். எண்ணெய் வண்ணத்தில் வரைந்த பழைய காலத்துப் படம். தாடி வைத்த ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கறுப்புக் கோட்டு, உள்ளே கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, பின்னால் இருட்டுச் சுவர். முகமும், புத்தகத்தின் மேல் வைத்த ஒரு கையும் மட்டும்தான் வெளிச்சம். பெயர் பெட்டியில் அச்சடித்திருந்தது, என் வாயில் அது நுழையவில்லை.

“யாரு இந்த மனுசன்?”

“இந்த ஊரு அரசியல்வாதி உம்மா. அந்தக் காலத்துல இங்க உள்ள விவசாயிங்களுக்காக லண்டன் பார்லிமெண்ட்ல போய்ச் சண்டை போட்டவராம். என் வார்டுல ஒரு தாத்தா இருக்காரு, அவரு இவரோட சொந்த ஊரு. மூணு தடவை சேத்துப் பாத்தாராம், கறுப்புல மாட்டிக்கிட்டு விட்டுட்டாரு. எங்க உம்மாவுக்குக் கறுப்பு பாக்குறதுதான் வேலைன்னு சொன்னேன். அப்ப உங்கம்மாவுக்கு அனுப்புன்னு கொடுத்துட்டாரு.”

அவள் ‘எங்க உம்மாவுக்குக் கறுப்பு பாக்குறதுதான் வேலை’ என்று ஒரு வெள்ளைக்காரரிடம் சொல்லியிருக்கிறாள். வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்று சொல்லவில்லை. அன்றைக்கே துணிக்கடையிலிருந்து என் வீட்டுக்காரர் கொண்டுவந்து போட்டிருந்த ஒட்டுப்பலகையைத் துடைத்துத் தரையில் போட்டேன்.

என் வீட்டுக்காரர் பெட்டியை வாங்கி நெடுநேரம் பார்த்தார். லண்டனில் போய்ச் சண்டை போட்டவர் என்றதும் அவருக்கு மரியாதை வந்துவிட்டது. நம்மையும் அங்கிருந்துதானே ஆண்டார்கள் என்றார். பிறகு பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

“ஒண்ணு சொல்றேன், கோவப்படாதே. முகம் மட்டும் வேணாம்.”

எங்கள் வீட்டில் சுவரில் ஆள் படம் கிடையாது. காலண்டரில்கூடக் காடு, அருவிதான். உருவப்படம் இருக்கும் வீட்டுக்குள் மலக்குகள் என்கிற வானவர்கள் வரமாட்டார்கள் என்று அவர் உறுதியாக இருப்பவர். ஒரே அறையில்தான் தொழுகையும்.

“பலகையைக் கட்டிலுக்கு அடியில தள்ளிடுவேன்” என்றேன்.

“கட்டிலுக்கு அடியில இருந்தாலும் முகம் முகம்தானே.”

“மக முகம் தெனமும் போன்ல வருதே?”

“அது ஆளு. இது படம்.”

இதற்கு மேல் அவரிடம் பேசினால் பொழுது விடிந்துவிடும். கை இருக்கலாம், புத்தகம் இருக்கலாம், கோட்டு தாராளமாக இருக்கலாம், முகம் மட்டும் கூடாது என்று தீர்ப்பாயிற்று. நானே உட்கார்ந்து முகத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துப் பால்மாவு டப்பாவில் போட்டு மூடினேன். அப்புறம்தான் உறைத்தது. இந்தப் படத்தில் சுலபமாகச் சேரக்கூடியது முகம் ஒன்றுதான். அதை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது முழுக்க இருட்டு. வார்டில் இருக்கும் அந்தப் பெரியவர் கூட முகத்தை வைத்துக்கொண்டுதான் தோற்றிருக்கிறார். எனக்கு அதுவும் இல்லை. சரி, வா பார்ப்போம் என்று அயர்லாந்துக்காரரிடம் சொல்லிக்கொண்டேன்.

ஆரம்பத்தில் மளமளவென்று போயிற்று. நான்கு ஓரமும் இரண்டு காலையில் முடிந்தது. கையும் புத்தகமும் இன்னொரு காலையில். மிச்சத்தை நான் உளுந்து பார்க்கிற மாதிரியே பார்ப்பது என்று முடிவு செய்தேன். எங்கள் சன்னலுக்கு எதிரில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், ஆனால் காலையில் இரண்டு மணி நேரம் நல்ல வெளிச்சம் வரும். மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எனக்கு அந்த இரண்டு மணி நேரம் போதும். ஆறு தட்டுகளை வரிசையாக வைத்தேன். கோட்டுக் கறுப்பு ஒன்றில். உள்சட்டைக் கறுப்பு ஒன்றில். சுவர் ஒன்றில், நாற்காலி ஒன்றில். சந்தேகம் உள்ளதெல்லாம் மற்ற இரண்டில். ஆபீசிலும் சந்தேகத்துக்கு என்று தனித் தட்டு வைத்திருப்பேன்.

தட்டு வைத்த மூன்றாம் நாளிலிருந்து அந்தச் சந்தேகத் தட்டுகள் இரண்டும் நிரம்பிவழிய ஆரம்பித்தன. மற்ற நான்கும் காலியாகிக்கொண்டே போயின. கோட்டு என்று எடுத்து வைத்தது கோட்டில் சேராது. சுவர் என்று போட்டது கோட்டில் போய் உட்காரும். ஒரு வாரத்தில் இருபது துண்டுகூடச் சேரவில்லை. வெட்டினவன் சரியாக வெட்டவில்லை என்றேன். அச்சடித்தவன் மையை மிச்சம் பிடித்திருக்கிறான் என்றேன். ஒருநாள் பெட்டி மூடியை வீசி எறிந்தேன், அது போய் அவர் தொழுகைத் தொப்பிமேல் விழுந்தது. அவர் தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு கீழே தேநீர்க் கடைக்குப் போய்விட்டார்.

என்னை உள்ளுக்குள் அரித்தது வேறு. இந்த ஜிக்ஸாவை என்னால் முடிக்க முடியாவிட்டால் அந்தச் சென்னைக்காரன் சொன்னது நிஜம். முதலாளி செய்தது சரி. என் நாற்காலி போனது போனதுதான். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் ஒவ்வொரு காலையும் அந்தப் பலகையை இழுக்கும்போது எனக்கு அதுதான் நினைப்பு. விளையாட்டாகவா உட்கார்ந்தேன் நான்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை குருமாவுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். சாறு தெறித்து இடது கண் எரிந்தது. முக்காட்டுத் துணியால் அந்தக் கண்ணைப் பொத்திக்கொண்டு, தண்ணீர் எடுக்கப் பலகையைத் தாண்டிப் போனேன். போகிற போக்கில் கீழே பார்த்தேன். சந்தேகத் தட்டில் குவிந்து கிடந்தவற்றில் பாதி பழுப்பாக இருந்தன.

அப்படியே நின்றுவிட்டேன். சுவர் பழுப்பு. கோட்டு கறுப்பு. அதை ஒரு சின்னக் குழந்தைகூடப் பிரித்து வைத்துவிடும். பொத்திய துணியை எடுத்தேன், எல்லாம் ஒன்றாகிவிட்டது. மறுபடி பொத்தினேன், பிரிந்தது. வலது கண்ணைப் பொத்தி இடது கண்ணால் மட்டும் பார்த்தேன். சன்னல், அடுப்பு, வெள்ளை எனாமல் தட்டு எல்லாமே மஞ்சள். அந்த மஞ்சளில் பழுப்பு எங்கே தெரியும்? உளுந்திலும் அந்தப் பழுப்பைத்தானே நான் பார்க்க வேண்டியிருந்தது?

சென்னைக்காரனைப் பொய்யன் என்றிருக்கிறேன். முதலாளியை நன்றி கெட்டவர் என்று என் வீட்டுக்காரரிடம் தினமும் புலம்பியிருக்கிறேன். அச்சடித்தவன், வெட்டினவன், எல்லோரையும் பேசியிருக்கிறேன். பேசாமல் விட்டது என்னை மட்டும்தான். வெங்காயத்தில் பாதியை அப்படியே விட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அவர் வந்து என்னவென்று கேட்டார், வெங்காயம் என்றேன்.

மூன்று நாள் அந்த உண்மையை வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். நாலாம் நாள் அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, அந்த முழங்காலோடு மூன்று மாடி இறங்கி என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். அந்தச் சயாமா, டாக்டரம்மாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம், விளக்கடித்துப் பார்த்துவிட்டு இடது கண்ணில் நன்றாகப் புரை விழுந்திருக்கிறது என்றார். வலது கண் கண்ணாடி மாதிரி இருக்கிறதாம். இடது கண்ணுக்கு ஆபரேஷன் செய்ய வரிசையில் பெயர் எழுதிவைத்தார்கள், முறை வர நாளாகும் என்றார்கள். ‘வலது கண் கண்ணாடி மாதிரி’ என்ற வார்த்தையை நான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஒரு கைக்குட்டையை மடித்து இடது கண்மேல் கட்டிக்கொண்டு பலகைக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஆறு தட்டையும் கவிழ்த்துக் கொட்டி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்தத் தடவை சந்தேகத் தட்டே வைக்கவில்லை. என்ன சொல்ல, கறுப்பு தானாக வந்து கையில் உட்கார்ந்தது. கோட்டின் கறுப்பில் நீலம் ஒளிந்திருந்தது. உள்சட்டையில் பச்சை. கால்சட்டையில் லேசான சாம்பல், எங்கள் புது உளுந்தின் சாம்பல். ஒரு இருபது துண்டு மட்டும் எதிலும் சேராமல் அடர்த்தியாக இருந்தன. என் வீட்டுக்காரர் தொழுகை முடித்துக் குனிந்து ஒன்றை எடுத்துச் சன்னலுக்குக் காட்டினார்.

“இது வெல்வெட்டு. காலருக்குத் தச்சிருப்பான். பெரிய தையல்காரன்.”

நாற்பது வருஷம் துணி அளந்தவர் சும்மா சொல்வாரா? காலரில் வைத்தேன், இருபதும் உட்கார்ந்தன. அவருக்கு அன்றைக்கு முழுக்கச் சிரிப்பு. நான் இரண்டு கண்ணால் ஒரு மாதத்தில் செய்ய முடியாததை ஒற்றைக் கண்ணால் பதினோரு காலையில் முடித்தேன். கடைசித் துண்டு சுவரின் நடுவில் ஒன்று. வைத்து அழுத்திவிட்டு எழுந்து நின்றேன். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒட்டுப்பலகை தெரிந்தது. மற்றதெல்லாம் ஒரு குறை இல்லாமல், கையும் புத்தகமும் வெல்வெட்டுக் காலருமாகக் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது.

மகளுக்குப் படம் அனுப்ப வேண்டும், அந்தப் பெரியவர் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். தலை இல்லாமல் அவருக்கு எப்படி அனுப்புவது? படத்தில் இருப்பவர் அவர் ஊர்க்காரராயிற்றே. நான் கேட்காமலே என் வீட்டுக்காரர் பால்மாவு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து, லுஹர் என்கிற மதியத் தொழுகைக்கு இன்னும் நேரமிருக்கிறது என்றார். இரண்டு பேரும் குனிந்து முகத்தைச் சேர்த்தோம். தாடியில் அவர் கை வேகமாகப் போயிற்று. படம் எடுத்தோம். அயர்லாந்துக்காரர் கொஞ்சம் களைத்தவராக, ஆனால் யாருக்கும் பயப்படாதவராக எங்களைப் பார்த்தார். நல்ல மனுசன் என்றார் என் வீட்டுக்காரர். பிறகு முகத்தைப் பிரித்து டப்பாவில் போட்டு மூடிவிட்டுத் தொழப் போனார். வார்டில் அந்தப் பெரியவர் படத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்துப் படுக்கை ஆட்களுக்கெல்லாம் காட்டினாராம்.

இதையெல்லாம் செய்துவிட்டாலும் நாற்காலி தானாக வந்துவிடாது. வியாழக்கிழமை புதுப் புடவை கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். இரண்டு தெருதான், ஆனால் அன்றைக்கு அது ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தாகேதா வரை நீண்டுவிட்டது. முதலாளி எழுந்து நின்று வாங்க லாத்தா என்றார். என் மேசையில் எனாமல் தட்டைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். தூசி படிந்திருந்தது. நான் உட்காரவில்லை.

“தம்பி, ரெண்டு சரக்குலயும் தப்பு என்னுது. சென்னைக்காரங்க சொன்னது சரி. இடது கண்ணுல புரை. எனக்கே தெரியாம இருந்திருக்கு.”

ஆபீசில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் கேட்கும்படியாகத்தான் சொன்னேன். ஊர் கேட்கச் சத்தம் போட்டுவிட்டு, ஒப்புக்கொள்வதை மட்டும் காதோடு சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த வயதில் நான் செய்த காரியங்களில் இதைத்தான் பெரிய காரியம் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் எப்படி நினைத்தாலும் சரி.

அவர் அந்தத் தட்டின் தூசியை விரலால் துடைத்தார்.

“ஆபரேஷன் முடியட்டும் லாத்தா, அப்புறம் பேசலாம்.”

“அதுக்கு நாளாகும். வலது கண்ணு நல்லா இருக்கு. ஒத்தக் கண்ணால பாப்பேன்.”

“ஒத்தக் கண்ணால எப்படி லாத்தா?” அவர் குரலில் கேலி இல்லை, இரக்கம்தான் இருந்தது. எனக்கு எது பிடிக்காதோ அதுவேதான்.

“வீட்டுக்கு வந்து பாருங்க. காலைல ஒம்பதுக்கு மேல வாங்க.”

பார்க்கலாம் என்றார். அந்தப் ‘பார்க்கலாம்’ எனக்குத் தெரியும். மூட்டைக்காரர்களை வெறுங்கையோடு அனுப்புவதற்கு அவர் தகப்பனாரும் அதைத்தான் சொல்வார். வீட்டுக்கு வந்து புடவையைக் களைந்து மடித்துவைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அவர் வந்தார். ஜும்ஆ தொழுகைக்காக வெள்ளைச் சட்டையும் புது லோன்ஜிக் கைலியும். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். நான் பலகையைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தேன். அவர் முதலில் பார்த்தது முகம் இல்லாததைத்தான்.

“யாரு லாத்தா இவரு?”

“அயர்லாந்து அரசியல்வாதி. முகம் டப்பாவுல இருக்கு. இவங்க வேணாம்னுட்டாங்க.”

என் வீட்டுக்காரர் வெட்கத்தோடு சிரித்தார். முதலாளி சரிதான் என்பதுபோல் தலையசைத்துவிட்டுச் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார். கோட்டின் மேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்தினார். உள்சட்டை வரை வந்து நின்றார். மறுபடி பின்னால் போனார்.

“எல்லாம் கறுப்பாத்தானே இருக்கு?”

“உங்களுக்கு” என்றேன்.

அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததும் என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஆனால் முதலாளிக்குக் கோபம் வரவில்லை. அவர் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து அந்தக் கறுப்பையே பார்த்தார். நன்றாக இருக்கிறது லாத்தா என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டால், அவ்வளவுதான். அப்புறம் நான் கைவேலை செய்து பொழுதுபோக்கும் ஒரு கிழவி.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்தார். உளுந்து. க்யிம்யிண்டைங் கிடங்கில் அன்று காலையிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கும் சரக்கின் மாதிரி என்றார். அவர் பார்த்தவரைக்கும் புதுசுதான், சாயங்காலம் துறைமுகத்துக்குப் போக வேண்டும் என்றார். சோதிப்பதற்காக ஏதாவது கலந்து கொண்டுவந்திருக்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவருக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது.

“பாத்துச் சொல்லுங்க லாத்தா.”

எழுந்து சன்னலைத் திறந்தேன். வெள்ளைத் தட்டை எடுத்துத் துடைத்தேன். பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டி உள்ளங்கையால் பரப்பினேன். அவர் முன்னால் கைக்குட்டையைக் கட்டிக்கொள்ள ஒரு கணம் கூச்சமாக இருந்தது. பிறகு என்ன கூச்சம் என்று இடது கண்மேல் கட்டிக்கொண்டேன். விரல் நுனியால் உளுந்தை இப்படியும் அப்படியும் தள்ளினேன். ஒரு பிடியை வெளிச்சத்துக்கு நகர்த்தினேன். சாம்பல் பூச்சோடு புதுசு, நல்ல சரக்கு. அதற்கு நடுவில் ஒன்று, இங்கே ஒன்று, அங்கே இரண்டு, லேசான பழுப்பு. யாரோ கெட்டிக்காரத்தனமாகக் கலந்திருக்கிறார்கள். ஒன்றை எடுத்துப் பல்லில் கடித்தேன். கல் மாதிரி இருந்தது.

“பழசு கலந்திருக்கு தம்பி. பத்துல ஒரு பங்கு இருக்கும். போகாது.”

நான் பொறுக்கி வைத்த பழுப்பு உளுந்தைக் காட்டுவதற்காகத் தட்டை அவர் பக்கம் திருப்பினேன். அவர் குனிந்து பார்க்கவில்லை. அதற்குள் போனை எடுத்துக் கிடங்கைக் கூப்பிட்டுவிட்டார்.

“ஏத்துனதை எல்லாம் எறக்குங்க” என்றார். அந்தப் பக்கம் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும்.

“லாத்தா பாத்துட்டாங்க” என்று சொல்லிப் போனை வைத்தார்.